அப்பத்தா சீட்டை வைத்து மருந்தியல் படிப்பது எப்படி

செல்லூரில் எங்கள் தெருவில் நர்சிங் படிக்கிற பிள்ளைகள் மூன்று பேர், டி.பார்ம் படிக்கிற தம்பி ஒருவன். பரீட்சை நெருங்கிவிட்டால் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் எங்கள் வீட்டில்தான் இருப்பார்கள். நான் 31 வருடம் மருந்தாளுநராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அதில் பெரும்பகுதி உசிலம்பட்டிப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில், மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு உள்ளே நின்றே கழிந்தது. பிள்ளைகள் முதல் நாள் கேட்பது எப்போதும் ஒரே கேள்விதான்: "பெரியம்மா, இவ்வளவு மருந்துப் பேரையும் எப்படி மனப்பாடம் பண்றது?"

புத்தகத்தைக் கொஞ்ச நேரம் மூடி வையுங்கள், உங்கள் வீட்டில் தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர் யார், அவர் சீட்டை எடுத்து வாருங்கள் என்பேன். வெறும் வயிற்றில், சாப்பிட்ட பின், 1-0-1 (காலை ஒன்று, மதியம் இல்லை, ராத்திரி ஒன்று), ராத்திரி மட்டும், நாக்குக்கு அடியில் என்று டாக்டர் எழுதுகிற ஒவ்வொரு குறிப்புக்கும் ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணத்தைத் தோண்டி எடுப்பதுதான் மருந்தியல் படிப்பு. காரணம் பிடிபட்டால் பெயர் தன்னால் ஒட்டிக்கொள்ளும்.

போன மாதம் ஒரு பிள்ளை அவள் அப்பத்தாவின் சீட்டைக் கொண்டுவந்தாள். தைராக்சின் 50 மைக்ரோகிராம், வெறும் வயிற்றில். பான்டோப்ரசோல் 40 மில்லிகிராம், சாப்பாட்டுக்கு முன். அம்லோடிபின் 5, காலை ஒன்று. ஆஸ்பிரின் 75, மதியம் ஒன்று. மெட்ஃபார்மின் 500, 1-0-1, சாப்பிட்ட பின். கிளிமிபிரைட் 1 மில்லிகிராம், காலைச் சாப்பாட்டுக்குச் சற்று முன். அப்புறம் கண்ணுக்கு டிமோலால் சொட்டு, இரண்டு வேளை. இந்த ஏழு வரியை மட்டும் வைத்துக்கொண்டு நாலு நாள் சாயங்காலம் உட்கார்ந்தோம். பாடப்புத்தகத்தின் முதல் அலகு முழுக்க இதற்குள் வந்துவிட்டது. நீங்களும் அப்படியே செய்து பார்க்கலாம்.

நோட்டில் ஒரு மருந்துக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். நாலே கேள்வி. எப்படி உள்ளே போகிறது? போய் எங்கே ஒட்டிக்கொண்டு என்ன செய்கிறது? எவ்வளவு நேரம் இருக்கிறது? எந்த வழியாக வெளியே போகிறது? உறிஞ்சுதல், பரவல், வளர்சிதை மாற்றம், வெளியேற்றம் என்று உடம்பு மருந்தை என்ன செய்கிறது என்பதைச் சொல்வது பார்மகோகைனடிக்ஸ். மருந்து உடம்பை என்ன செய்கிறது என்பதைச் சொல்வது பார்மகோடைனமிக்ஸ். பெயர்கள் பெரிசாக இருந்தாலும் இந்த நாலு கேள்விக்குள் இரண்டும் அடங்கும்.

வெறும் வயிறும் ஓட்டைக் குடமும்

தைராய்டு குறைவுக்குக் கொடுக்கும் தைராக்சினை ஏன் விடிந்ததும் வெறும் வயிற்றில் போடச் சொல்கிறோம்? வயிற்றில் இட்லியோ காபியோ இருந்தால் அது சரியாக உறிஞ்சப்படாது. அதனால் மாத்திரைக்கும் காலைச் சாப்பாட்டுக்கும் நடுவில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் விட வேண்டும். கால்சியம் மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும் தைராக்சினைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அவற்றுக்கு நாலு மணி நேர இடைவெளி. நம் ஊர் அப்பத்தாக்களுக்கு விடிந்ததும் காபி இல்லாமல் ஆகாது. "மாத்திரை போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன் தாயி, ஒண்ணும் கேக்கல" என்று சொல்கிறவரிடம், எதோடு போட்டீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் காபித் தம்ளரோடுதான் விழுங்கியிருப்பார்கள். கர்ப்பிணிகள் இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்குவதும் இதே தப்புதான். டீயில் உள்ள டானின் இரும்பைப் பிடித்துக்கொள்ளும்.

இதே சீட்டில் அடுத்த பாடமும் இருக்கிறது. தைராக்சின் அளவை மாற்றினால், அது போதுமா என்று பார்க்கும் டி.எஸ்.எச். என்ற ரத்தப் பரிசோதனையை ஆறு வாரம் கழித்துத்தான் எடுக்கச் சொல்வார்கள். ஏன் பத்தாம் நாளே எடுப்பதில்லை?

அடியில் சின்ன ஓட்டை விழுந்த ஒரு பிளாஸ்டிக் குடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தினமும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுகிறீர்கள். முதல் நாள் கொஞ்சம் நிற்கும், கொஞ்சம் ஒழுகும். தண்ணீர் ஏற ஏற ஒழுகும் வேகமும் கூடும். ஒரு கட்டத்தில் ஊற்றுவதும் ஒழுகுவதும் சமமாகி, தண்ணீர் ஒரே மட்டத்தில் நின்றுவிடும். ரத்தத்தில் மருந்தின் அளவு அப்படி நிற்பதைத்தான் நிலை மட்டம் என்கிறோம். உள்ளே இருக்கும் மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரம் அரை ஆயுள். ஒரு அரை ஆயுள் கடந்தால் மட்டத்தில் பாதி, இரண்டில் 75 சதவீதம், மூன்றில் 87.5, நாலில் சுமார் 94, ஐந்தில் 97. நாலைந்து அரை ஆயுளில் மட்டம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். தைராக்சினின் அரை ஆயுள் ஏறக்குறைய 7 நாள். ஐந்து ஏழு 35 நாள், அதாவது ஐந்து வாரம். மட்டம் நின்ற பிறகுதான் பரிசோதனை. ஆறு வாரம் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதா? இந்தக் கணக்கைப் போட்டு முடித்ததும் அந்தப் பிள்ளை நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்காகத்தான் இவர்களை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கிறேன்.

அம்லோடிபினின் அரை ஆயுள் 30 முதல் 50 மணி நேரம். அதனால் பிரஷருக்கு ஒரு நாளைக்கு ஒரு வேளை போதும். ஒரு நாள் மறந்துவிட்டால் மறுநாள் இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது. குடத்தில் இன்னும் தண்ணீர் இருக்கிறது. கிருமியைக் கொல்லக் கொடுக்கும் அமாக்சிசிலினின் அரை ஆயுள் சுமார் ஒரு மணி நேரம், அதனால் மூன்று வேளை. அதே வேலைக்கான அசித்ரோமைசினுக்கு அது மூன்று நாளை ஒட்டி வரும். ஒரு வேளையாக மூன்று நாளிலோ ஐந்து நாளிலோ கோர்ஸ் முடிந்தாலும், மருந்து அதன் பிறகும் திசுக்களில் தங்கியிருக்கும்.

சரி, அப்படியானால் அரை ஆயுள் குறைவாக இருந்தால் பல வேளை, கூடுதலாக இருந்தால் ஒரு வேளை என்று எழுதி வைத்துக்கொள்ளலாமா? இந்த இடத்தில்தான் பிள்ளைகள் தடுக்கி விழுகிறார்கள், கேள்வித்தாளிலும் இங்கேதான் பிடிப்பார்கள். அப்பத்தாவின் ஆஸ்பிரினைப் பாருங்கள். ரத்தத்தில் அதன் அரை ஆயுள் 15, 20 நிமிடம்தான். ஆனாலும் ஒரு நாளைக்கு ஒன்று போதுகிறது. ரத்தத் தட்டணுவில் உள்ள ஒரு நொதியை அது நிரந்தரமாகக் கெடுத்துவிட்டுப் போகிறது. தட்டணுவுக்கு உட்கரு கிடையாது, புது நொதி செய்துகொள்ள முடியாது. அந்தத் தட்டணு சாகிற வரை, அதாவது 7 முதல் 10 நாள் வரை, மருந்தின் வேலை நீடிக்கும். சில ஆபரேஷன்களுக்கு ஒரு வாரம் முன்பே டாக்டர் ஆஸ்பிரினை நிறுத்தச் சொல்வது இதனால்தான். பான்டோப்ரசோலும் அப்படியே: ரத்தத்தில் ஒரு மணி நேரம், அமிலம் சுரக்கும் பம்பைப் பூட்டிவிட்டால் ஒரு நாளுக்குத் தாங்கும். சாப்பாடு வந்தால்தான் அந்தப் பம்புகள் விழிக்கும், அதனால் அரை மணி நேரம் முன்பே மருந்து போய்க் காத்திருக்க வேண்டும். "கேஸ் மாத்திரை" என்று சொல்லி, சாப்பிட்டு ஏப்பம் வந்த பிறகு போடுகிறவர்களுக்கு இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள்.

கண்ணில் விட்ட சொட்டு நெஞ்சுக்குப் போகும்

கண் நீர் அழுத்தத்துக்கு டிமோலால் சொட்டு. சீட்டின் கடைசி வரி, பிள்ளைகள் எல்லோரும் தாண்டிப் போகிற வரி. நான் அதிக நேரம் செலவழிப்பது இதில்தான்.

0.5 சதவீதம் என்று பாட்டிலில் போட்டிருக்கும். அப்படியென்றால் 100 மில்லியில் அரை கிராம், ஒரு மில்லியில் 5 மில்லிகிராம். ஒரு மில்லிக்குச் சுமார் 20 சொட்டு என்று வைத்தால் ஒரு சொட்டில் கால் மில்லிகிராம். கொஞ்சம்தானே என்று தோன்றும். ஆனால் கண்ணுக்குள் ஒரு சொட்டு முழுசாகத் தங்க இடமில்லை. மிச்சம் மூக்கோரத்துக் கண்ணீர்க் குழாய் வழியாக மூக்குக்குள் இறங்கி, அங்குள்ள மெல்லிய தோலில் உறிஞ்சப்பட்டு நேரே ரத்தத்தில் கலந்துவிடும். வாய் வழியாக விழுங்கிய மருந்து குடலிலிருந்து முதலில் கல்லீரலுக்குப் போகும், கல்லீரல் ஒரு பகுதியைச் சிதைத்த பிறகே மற்ற இடங்களுக்கு அனுப்பும். இதற்கு முதல் கடவு என்று பெயர். மூக்கில் இறங்கிய சொட்டுக்கு அந்தச் சுங்கச்சாவடி கிடையாது. நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையும் கல்லீரலைத் தாண்டிப் போவதால்தான் சில நிமிடங்களில் வேலை செய்கிறது.

ரத்தத்துக்கு வந்த டிமோலால் என்ன செய்யும்? உயிரணுக்களின் மேல் ஏற்பிகள் இருக்கின்றன, பூட்டு மாதிரி. அவற்றில் சிலவற்றுக்கு அட்ரினலின் என்ற ஹார்மோன்தான் சாவி. நுரையீரல் குழாயில் உள்ள பீட்டா-2 பூட்டைத் திறந்தால் மூச்சுக்குழாய் விரியும். இளைப்புக்குக் கொடுக்கும் சால்பியூட்டமால் அந்தப் பூட்டுக்கு நாம் செய்த மாற்றுச்சாவி. டிமோலால் பூட்டுக்குள் நுழையும், திறக்காது, வேறு சாவியையும் நுழைய விடாது. கண்ணில் அது நல்லது, நீர் சுரப்பு குறையும். நுரையீரலில் இளைப்பு வரும். திறக்கிற மருந்து அகோனிஸ்ட், அடைக்கிற மருந்து ஆன்டகோனிஸ்ட். இந்த இரண்டு சொல்லை நான் வேறு எந்த உதாரணத்தாலும் சொல்லிக்கொடுப்பதில்லை.

காரணம் இருக்கிறது. பல வருடம் முன்பு, இளைப்போடு ஒரு ஐயா ஒரே மாதத்தில் மூன்று தடவை எங்கள் நிலையத்துக்கு வந்தார். வரும்போதெல்லாம் சால்பியூட்டமால் கொடுத்தோம். கொஞ்சம் தேறுவார், நாலு நாளில் திரும்ப வருவார். வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று ஒவ்வொரு தடவையும் கேட்டேன். "ஒண்ணும் சாப்பிடலைம்மா" என்றார். மூன்றாம் தடவை பீடிக்கட்டை எடுக்கச் சட்டைப் பையில் கை விட்டபோது ஒரு சின்ன வெள்ளைப் பாட்டில் கீழே விழுந்து உருண்டது. எடுத்துப் பார்த்தால் டிமோலால். "அது கண்ணுக்கு ஊத்துறது, சாப்பிடுறது இல்லையே" என்றார். அவர் சொன்னது முழு உண்மை. நான் கேட்ட கேள்விதான் தப்பு. டாக்டரிடம் ஓடிப் போய்ப் பாட்டிலைக் காட்டினேன். ஆஸ்துமா உள்ளவருக்கு இது ஆகாது என்று கண் டாக்டருக்குக் கடிதம் எழுதி அனுப்பினார், அங்கே வேறு சொட்டுக்கு மாற்றிவிட்டார்கள். அடுத்த மாதம் அந்த ஐயா இளைப்புக்கு வரவில்லை, பேத்தி தடுப்பூசிக்கு வந்தார்.

அன்றிலிருந்து என் கேள்வியை மாற்றிவிட்டேன். நீங்களும் இப்படியே கேளுங்கள்: "வாயில போடுறது, கண்ணு காதுல ஊத்துறது, தோலுல தடவுறது, மூக்குல அடிக்கிறது, நாட்டு மருந்துக்கடையில வாங்குனது, எதாச்சும் இருக்கா?" சொட்டு விடக் கற்றுக்கொடுக்கும்போது, விட்டதும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண்ணோரத்தை விரலால் இரண்டு மூன்று நிமிடம் அழுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். மருந்து கண்ணோடு நிற்கும்.

மதுரையில் இருந்துகொண்டு கண்ணை வைத்து மருந்தியல் படிக்காமல் இருப்பது பாவம். 1976-இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை அண்ணா நகரில்தான் இருக்கிறது. கண்ணைப் பார்க்கப் போனவர்களுக்குக் கண் பாப்பாவை விரிக்கச் சொட்டு விடுவார்கள். வெளியே வந்து வெயிலில் கண் கூசி, போனில் எழுத்துத் தெரியாமல் நிற்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அதில் பெரும்பாலும் இரண்டு மருந்து சேர்ந்திருக்கும். டிராபிகமைடு, பாப்பாவைச் சுருக்கும் தசையின் பூட்டை அடைக்கிறது. ஃபினைலெஃப்ரின், விரிக்கும் தசையின் பூட்டைத் திறக்கிறது. ஒரு ஆன்டகோனிஸ்டும் ஒரு அகோனிஸ்டும் சேர்ந்து ஒரே வேலையை முடிக்கின்றன. டிராபிகமைடு அடைக்கிற அதே வகைப் பூட்டைத்தான், வயலில் பூச்சிமருந்து அடித்து மயங்கி வருகிறவர்களுக்குப் போடும் அட்ரோபினும் அடைக்கிறது. எச்சில் ஒழுகி, நெஞ்சில் சளி கட்டி வருகிற அவர்களுக்கு நெஞ்சு காய்கிற வரை டாக்டர் அட்ரோபின் போடுவதை வார்டில் பார்த்தால் இந்தக் கண் சொட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

சித்திரைத் திருவிழாவில் ஒரு மயக்கம்

மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் இரண்டுமே "சுகர் மாத்திரை"தான். வேலை வேறு வேறு. மெட்ஃபார்மின் முக்கியமாகக் கல்லீரல் சர்க்கரை செய்வதைக் குறைக்கிறது. தனியாகச் சாப்பிட்டால் சர்க்கரை ஆபத்தாக இறங்குவது அபூர்வம். வயிற்றைப் புரட்டும் என்பதால் சாப்பிட்ட பின். கிளிமிபிரைடு கணையத்தைத் தட்டி இன்சுலின் சுரக்க வைக்கிறது. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அது பார்க்காது.

எங்கள் உறவில் ஒரு மாமா, அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க ராத்திரியே கிளம்பிப் போய் வைகைக் கரையில் நின்றார். காலை நாலு மணிக்கு நினைவாகச் சுகர் மாத்திரையைப் போட்டுக்கொண்டார். கூட்டத்தில் சாப்பாடு கிடைக்கவில்லை. விடிந்து கொஞ்ச நேரத்தில் சட்டை தொப்பலாக வியர்த்து, கை நடுங்கி, பக்கத்தில் நின்ற என்னையே யாரென்று கேட்டார். நல்லவேளை, விழுங்கும் அளவுக்கு நினைவு இருந்தது. பக்கத்துப் பந்தலில் கொடுத்த பானகத்தை இரண்டு தம்ளர் குடிக்க வைத்தேன். பத்துப் பதினைந்து நிமிடத்தில் தெளிந்தார்.

தெளிந்ததும் வீட்டுக்குப் போகிறேன் என்றார், விடவில்லை. பானகத்தின் வெல்லம் சீக்கிரம் செலவாகிவிடும். கிளிமிபிரைடு இன்னும் பல மணி நேரம் உள்ளே உட்கார்ந்து கணையத்தைத் தட்டிக்கொண்டிருக்கும். திரும்பவும் இறங்கும். இட்லி வாங்கிக் கொடுத்து, பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் அன்று முழுக்கக் கண்காணிப்பில் வைத்தோம். மூன்றாவது கேள்வி, எவ்வளவு நேரம் இருக்கிறது என்பது, உயிரைக் காப்பது இப்படித்தான். நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றிவிடாதீர்கள், புரையேறிவிடும். அவர்களுக்கு நரம்பு வழியாக டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரைக் கரைசல்தான்.

நாலாவது கேள்விக்கு இரண்டு வாசல்தான் பெரும்பாலும்: கல்லீரல், சிறுநீரகம். மெட்ஃபார்மின் சிதையாமல் சிறுநீரில் போகும். அதனால் கிரியாட்டினின் (சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் ரத்த அளவு) கூடியவர் சீட்டில் அதைப் பார்த்தால் டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் கல்லீரல் நொதிகளை முடுக்கிவிடும். கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்ணுக்கு அந்த மாத்திரை சீக்கிரம் சிதைந்து பலனில்லாமல் போகும், அவளுக்கு வேறு வழி சொல்ல வேண்டும்.

பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. வாலைப் பிடியுங்கள். "ஓலால்" என்று முடிந்தால் பீட்டா பூட்டை அடைப்பது: அடினோலால், மெட்டோப்ரோலால், டிமோலால். "ப்ரில்" என்றால் பிரஷர் மாத்திரை: எனலாப்ரில், ராமிப்ரில். வறட்டு இருமல் வருகிறதா என்று கேளுங்கள். "சார்டன்" என்றால் அதே பிரஷர் வேலை, இருமல் குறைவு. "ப்ரசோல்" அமில பம்பு. பத்து வால் தெரிந்தால் ஐம்பது மருந்து தெரியும்.

கடைசியாக அளவு

அளவுக் கணக்கு அப்பத்தா சீட்டில் இல்லை, ஆனால் ஜன்னலில் நிற்கப்போகிற, வார்டில் ஊசி போடப்போகிற யாருக்கும் இது தெரியாமல் முடியாது. தைராக்சின் 50 மைக்ரோகிராமை மில்லிகிராம் என்று படித்தால் ஆயிரம் மடங்கு. அலகை வாய்விட்டுப் படிக்கப் பழகுங்கள். பெரியவர்களுக்குப் பாராசிட்டமால் ஒரு நாளைக்கு 4 கிராமைத் தாண்டக் கூடாது, சளி மாத்திரைக்குள்ளும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும் என்பதையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

குழந்தைக் கணக்கை என்னோடு சேர்ந்து போடுங்கள். 10 கிலோ குழந்தை, காய்ச்சல். ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் 150 மில்லிகிராம் பாராசிட்டமால். கடையில் மூன்று வகைப் பாட்டில் இருக்கும். 5 மில்லியில் 125 மில்லிகிராம் என்றால் 6 மில்லி. 5 மில்லியில் 250 என்றால் 3 மில்லி. ஒரு மில்லியில் 100 உள்ள சொட்டு மருந்து என்றால் ஒன்றரை மில்லி. பாட்டிலைப் பார்க்காமல் "ஆறு மில்லி கொடுங்க" என்று சொல்லி அனுப்பி, அந்தத் தாய் வீட்டில் இருந்த சொட்டு மருந்தில் ஆறு மில்லி கொடுத்தால் 600 மில்லிகிராம் போய்விடும். நாலு மடங்கு.

அதனால் தாயிடம் மில்லியை மட்டும் சொல்லாதீர்கள். கொடுக்கப்போகிற பாட்டிலைக் கையில் வாங்கி, அட்டையில் உள்ள எண்ணைப் படித்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் பேனாவால் ஒரு கோடு போட்டுக் கொடுங்கள். அப்புறம் அவரையே ஒருமுறை உங்கள் முன்னால் உறிஞ்சிக் காட்டச் சொல்லுங்கள். மருந்து கோட்டில் வந்து நின்றால் அடுத்த சீட்டை வாங்கலாம்.